எழுத்தும் மனையும்: தமிழாசிரியர் வலைத்தளம் கட்டிய வரலாறு



"நம் பள்ளிக்கென்று ஒரு வலைத்தளம் வேண்டும்" என்ற பேச்சு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுவதுண்டு. பேச்சு எழும், பொறுப்பு ஓர் இளம் ஆசிரியரின் தலையில் விழும், அவர் சில வாரங்கள் மென்பொருளோடு மல்லுக்கட்டுவார், முகப்புப் பக்கமும் பள்ளிச் சின்னமும் ஏறும், அதற்கு மேல் ஒன்றும் நகராது. "நமக்கெல்லாம் இது வராது" என்று முடிவும் கட்டிவிடுவோம்.

அந்த 'வராது' என்னும் சொல்லைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழில் வலைத்தளம் கட்ட முனைந்தவர்களின் 30 ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அவர்களை இடறிவிட்ட கற்கள் இரண்டு என்பது புலனாகும். ஒன்று எழுத்து, மற்றொன்று மனை. கணினித் திரையில் தமிழ் எழுத்தைச் சிதையாமல் நிறுத்துவது முதற்சிக்கல். கட்டிய பக்கம் நிலைத்து நிற்பதற்குரிய இடத்தைப் பெறுவது இரண்டாம் சிக்கல். முதற்சிக்கலைத் தமிழர்களே நாடு கடந்து கூடிப் பேசித் தீர்த்தார்கள். அதில் நம் மலேசியருக்கும் அண்டைச் சிங்கப்பூரருக்கும் பெரும் பங்குண்டு. இரண்டாம் சிக்கலோ இன்னும் நம் வாசலிலேயே கிடக்கிறது.

படிப்பவரே எழுதுபவர்

வையவிரிவு வலையை உருவாக்கியவர் டிம் பெர்னர்சு லீ. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் 1989ஆம் ஆண்டு அவர் அதற்கான முன்மொழிவை எழுதினார். 1990இல் அவர் செய்த முதல் உலாவியில் ஒரு சிறப்பு இருந்தது. அதிலேயே பக்கங்களைப் படிக்கலாம்; அதிலேயே எழுதவும் செய்யலாம். படிப்பவரே எழுதுபவராகவும் இருக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். 1993 ஏப்ரல் 30ஆம் நாள் செர்ன் நிறுவனம் இத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது.

ஆனால், அதன்பின் மக்களிடையே பரவிய மொசைக், நெட்சுகேப் முதலிய உலாவிகள் முதலில் படிப்பதற்கு மட்டுமே வந்தன. எழுத விரும்பியவர் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியைத் தனியே கற்க வேண்டியிருந்தது. தலைப்பு எங்கே தொடங்குகிறது, பத்தி எங்கே முடிகிறது, படம் எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் கோண அடைப்புக்குறிகளுக்குள் ஆங்கிலச் சொற்களால் சொல்ல வேண்டும். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் பக்கம் முழுவதும் தடித்த எழுத்தாகிவிடும். படத்தின் பெயரில் ஓரெழுத்து பிசகினால் படத்திற்குப் பதில் வெற்றுக் கட்டம் வந்து நிற்கும்.

இத்தொல்லை உலகத்தார் அனைவருக்கும் பொதுவானது. தமிழருக்கு இதன்மேல் இன்னொரு தொல்லையும் இருந்தது. குறிமொழியை ஆங்கில விசையிலும் உள்ளடக்கத்தைத் தமிழ் விசையிலும் தட்ட வேண்டும். ஒரு வரிக்குள்ளேயே பலமுறை விசைப்பலகையை மாற்ற வேண்டும். அப்படியெல்லாம் பாடுபட்டுத் தட்டிய தமிழ், இன்னொருவர் கணினியில் தமிழாகத் தெரியுமா என்பதற்கோ யாதோர் உறுதியும் இல்லை!

நீரிணைக்கு அக்கரையில்

ஜொகூரில் வாழும் நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். தமிழ் எழுத்து வையவிரிவு வலையில் ஏறிய தொடக்ககால நிகழ்வு, ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரில் நிகழ்ந்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங், அந்நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளையும் கொண்ட ஒரு வலைத்தளத்தைத் தொடக்கிவைத்தார். அதில் தமிழைத் திரையேற்றிய பணிக்குப் பின்னால் நின்றவர் நா. கோவிந்தசாமி. அவர் பொறியாளர் அல்லர், எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையில் இயங்கிய இணைய ஆய்வுக் குழுவினரோடு சேர்ந்து அவர் உழைத்தார். அவர் உருவாக்கிய எழுத்துருத் தொகுதிக்குக் 'கணியன்' என்று பெயர்.

ஒரு தமிழாசிரியர் இப்பணியில் முன்னின்றார் என்பதை நம் ஆசிரியர்கள் நெஞ்சில் இருத்த வேண்டும். கணினித் துறையினர் வந்து தமிழுக்கு வழி செய்வர் என்று அவர் காத்திருக்கவில்லை. 1997 மே மாதம் சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' என்னும் கருத்தரங்கு கூடுவதற்கும் அவரே முதற்காரணமாக இருந்தார். 1999ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

நம் நாட்டிலோ, கவிஞர் முரசு நெடுமாறனின் மகனான முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியிலிருந்தே தமிழுக்கான மென்பொருளை உருவாக்கி வந்தார். அவருடைய 'முரசு அஞ்சல்' 1990களில் தமிழ் மின்மடல்களின் ஊர்தியாயிற்று. மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த பாலா பிள்ளை நடத்திய 'தமிழ்.நெட்' மடற்குழுவில் பல நாட்டுத் தமிழர்கள் முரசு அஞ்சலைக் கொண்டு தமிழிலேயே எழுதிக்கொண்டார்கள். ஆங்கில விசைப்பலகையில் ஒலிப்புமுறையில் தட்டினால் தமிழ் வரும் 'அஞ்சல்' விசைமுறை அவ்வழியே பரவியது. தமிழ்த் தட்டச்சுப் பயிலாத ஆசிரியருக்கு அது பெரிய விடுதலை.

256 அறைகள் கொண்ட வீடு

இனி, எழுத்துச் சிக்கலின் உள்ளே புகுந்து பார்ப்போம். இதனை உயர்நிலை மாணவர்க்கும் சொல்லிக் கொடுக்கலாம், எளிய கணக்குத்தான்.

அக்காலக் கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே வைத்துக்கொண்டது. ஓர் எழுத்துக்கு எட்டுத் துணுக்கு இடம். ஆகவே மொத்தம் 256 எண்கள். இதனை 256 அறைகள் கொண்ட வீடாகக் கருதுங்கள். முதல் 128 அறைகளில் ஆஸ்கி என்னும் தரப்படி ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் நிறுத்தற்குறிகளும் ஏற்கெனவே குடியேறிவிட்டன. எஞ்சியவை 128. தமிழ் எழுத்துகளோ 247!

247ஐ 128க்குள் அடக்குவது எப்படி? கா, கெ, கே, கை போன்றவற்றுக்குத் தனி அறை வேண்டியதில்லை. ககரத்தோடு கால், கொம்பு, இரட்டைக்கொம்பு முதலியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கு, சு, து, மு, கூ, சூ, தூ, மூ போன்றவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். இவற்றை ஒட்டுப்போட்டு உருவாக்க இயலாது. எனவே உகர வரிசை 18, ஊகார வரிசை 18, புள்ளி வைத்த மெய் 18, அகரமேறிய மெய் 18, உயிர் 12, ஆய்தம் 1 எனக் கூட்டினால் 85 அறைகள். இவற்றோடு கால், கொம்பு, மேல்விலங்கு போன்ற துணைக்குறிகளும் சில கிரந்த எழுத்துகளும் சேர்ந்தால் வீடு ஏறத்தாழ நிறைந்துவிடும்.

அடங்கிவிட்டது, மகிழ்ச்சி! ஆனால் எந்த எழுத்து எந்த அறையில்? இதற்கு ஒரு பொதுவிதி இல்லை. எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தம் விருப்பம்போல் அறை ஒதுக்கினார்கள். ஒருவர் வீட்டில் 'அ' இருந்த அறையில் இன்னொருவர் வீட்டில் 'னூ' இருந்தது. ஆகவே ஓர் எழுத்துருவில் எழுதிய கடிதத்தை வேறோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற எழுத்துக்குவியல் வந்தது. எந்தத் தமிழ் எழுத்துருவும் இல்லாத கணினியில் திறந்தாலோ, ஐரோப்பிய மொழிகளின் தொப்பி வைத்த எழுத்துகள் அணிவகுத்தன.

தமிழகத்து நாளிதழ்களும் வார இதழ்களும் இணையத்தில் ஏறியபோது அவையும் தத்தமக்கென எழுத்துருக்களை வைத்துக்கொண்டன. ஐந்து இதழ்களைப் படிக்க விரும்பியவர் ஐந்து எழுத்துருக்களைத் தரவிறக்கி நிறுவ வேண்டியிருந்தது. தொலைபேசி இணைப்பின் மெதுவேகத்தில், நிமிடக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும்போது, இதைச் செய்ய வேண்டும். இணைய மையங்களில் புதிய எழுத்துருவை நிறுவ இசைவும் கிடைப்பதரிது.

இதனால் 1990களின் இறுதியில் வலைத்தளம் கட்டிய தமிழர் ஒவ்வொருவரும் முகப்பிலேயே ஓர் அறிவிப்பை வைக்க நேர்ந்தது: 'இப்பக்கத்தைப் படிக்க இவ்வெழுத்துருவைத் தரவிறக்கிக்கொள்க.' அதை எந்த மொழியில் எழுதுவது? தமிழில் எழுதினால் தெரியாது. ஆகவே ஆங்கிலத்தில் எழுதினார்கள். தமிழ்ப் பக்கத்தின் வாசற்படி ஆங்கிலமாக அமைந்த கதை இதுதான்.

'இ' காணாமற்போன கதை

எழுத்துருவை வாசகர் நிறுவாமலேயே பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் 'இயங்கு எழுத்துரு' நுட்பம் 1997 வாக்கில் வந்தது. நல்ல வழிதான். ஆனால் மைக்ரோசாப்ட் தன் உலாவிக்கு ஒரு முறையையும், நெட்சுகேப் தன் உலாவிக்கு இன்னொரு முறையையும் வைத்துக்கொண்டன. ஒன்றுக்குச் செய்தது மற்றொன்றில் வேலை செய்யாது. ஆகவே ஒரே பக்கத்திற்கு இரண்டு வகைக் கோப்புகளை ஆக்கி ஏற்ற வேண்டியதாயிற்று.

அறை ஒதுக்கீட்டில் பொதுவிதி காண்பதே நிலையான தீர்வு என்று பலரும் உணர்ந்தார்கள். சுவிட்சர்லாந்தில் ஆய்வாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் உள்ளிட்ட பலர் 1997 முதல் மின்மடல் வழியாகவே விவாதித்து 'திஸ்கி' என்னும் பொதுக் குறிமுறையை வகுத்தனர். ஊதியமின்றி, ஒருவரையொருவர் நேரிற்கூடக் காணாமல், மாதக்கணக்கில் எழுதி வாதாடி எட்டிய உடன்பாடு அது. 1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தன் மின்னூல்களைத் திஸ்கியில் வெளியிட்டு அதற்கு வலுவூட்டியது.

இங்கே ஒரு சுவையான செய்தி. திஸ்கியில் 173ஆம் அறை 'இ' என்னும் உயிரெழுத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மேலைநாட்டுத் தரத்தில் அதே 173ஆம் அறை 'மென்கோடு' என்பதற்கு உரியது. சொல் வரியின் இறுதியில் உடையும்போது மட்டும் தோன்றி, மற்ற வேளையில் மறைந்திருக்க வேண்டிய கோடு அது. சில மென்பொருள்கள் 'இ'யை அந்தக் கோடென்று கருதி மறைத்துவிட்டன! இணையம் 'ணையம்' ஆனது. இலக்கணம் 'லக்கணம்' ஆனது. எழுதியவரோ எத்தனை முறை திருத்தித் தட்டினாலும் 'இ' வரவில்லை. பின்வந்த திஸ்கி 1.7 பதிப்பில் 'இ'க்கு இன்னோர் அறையும் கொடுத்து இச்சிக்கலுக்கு வழி கண்டார்கள்.

அக்காலத்தில் இச்சிக்கலில் அகப்பட்ட ஓர் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். தாம் தட்டச்சில் பிழை செய்ததாகவே அவர் நினைத்திருப்பார். 'நமக்கு வராது' என்னும் மனச்சோர்வு இப்படித்தான் பிறந்தது.

மாநாடுகளும் மாறுபாடுகளும்

1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடியது. அவ்வாண்டே தமிழக அரசு 'தமிழ்99' விசைப்பலகையையும், 'டாம்', 'டாப்' என்னும் இரு குறிமுறைகளையும் தரமாக அறிவித்தது. விசைப்பலகை ஒரு நிலைக்கு வந்தது. குறிமுறையோ மீண்டும் பிளவுபட்டது. அயலகத் தமிழர் பலர் திஸ்கியில் எழுத, தமிழகம் டாம், டாப் வழியில் நடந்தது. இரண்டு தரம் இருந்தால் தரமே இல்லை என்பதுதானே பொருள்!

2000ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் 'உத்தமம்' எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. அடுத்த ஆண்டு, 2001 ஆகஸ்டில், அம்மாநாடு நம் கோலாலம்பூருக்கு வந்தது. 2013இல் மீண்டும் ஒருமுறை கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. மாநாடு என்றால் மாலையும் மேடையும் என்று எண்ணிவிடக்கூடாது. அறை எண்ணையும் விசை இடத்தையும் பற்றி அங்கே நிகழ்ந்த வாதங்களின் பயனைத்தான் இன்று நம் மாணவர்கள் கைப்பேசியில் நுகர்கிறார்கள்.

ஒருங்குறியும் ஒரு குறுந்தட்டும்

256 அறை வீட்டையே விட்டு வெளியேறுவதுதான் இறுதித் தீர்வாக அமைந்தது. உலக எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே பெருவீடு கட்டும் ஒருங்குறித் திட்டத்தின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. தமிழுக்கு அதில் 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. இந்திய அரசின் 'இஸ்கி' தரத்தைத் தழுவி அமைந்த தொகுதி அது. மெய்யெழுத்தைத் தனி இடமாகக் கொள்ளாமல் அகரமேறிய மெய்யோடு புள்ளி சேர்த்துப் பெறும் அதன் அமைப்பைத் தமிழறிஞர் பலர் ஏற்கவில்லை. அந்த மனக்குறை நியாயமானதே. ஆயினும், எந்த நாட்டில் எந்தக் கணினியில் திறந்தாலும் 'அ' என்பது 'அ'வாகவே இருக்கும் என்னும் உறுதியை ஒருங்குறி தந்தது. பழைய முறையில் 'கெ' என்று எழுதக் கொம்பை முதலில் இட்டுப் பின் ககரத்தை இட்டோம். ஒருங்குறியில் ஒலிக்கும் முறைப்படி ககரம் முதலிலும் எகரக்குறி பின்னுமாக நிற்கும். இதனால் தேடுபொறியில் தமிழ்ச் சொல்லைத் தேடவும் அகரவரிசைப்படுத்தவும் எளிதாயிற்று.

மைக்ரோசாப்டின் இயங்குதளங்களில் தமிழ் ஒருங்குறியும் 'லதா' எழுத்துருவும் முதன்முதலாக வந்தது விண்டோசு 2000இல். அடுத்து வந்த விண்டோசு எக்ஸ்பியிலும் தமிழ் இருந்தது, ஆனால் உறங்கிக்கொண்டிருந்தது! கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் சென்று, சிக்கலான வரிவடிவங்களுக்கான கட்டத்தில் குறியிட்டு, இயங்குதளக் குறுந்தட்டைச் செருகினால்தான் அது விழித்தெழும். குறுந்தட்டு அலுவலகப் பேழையில் பூட்டியிருக்கும். அல்லது விற்பனையாளர் தந்திருக்கவே மாட்டார். அத்தகைய கணினியில் ஒருங்குறிப் பக்கத்தைத் திறந்தால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நின்றன.

இன்னொரு கண்ணியும் இருந்தது. பலர் வலைப்பக்கங்களை 'நோட்பேட்' செயலியில் எழுதினர். சேமிக்கும்போது 'யூ.டி.எப். 8' என்பதைத் தெரிவு செய்யாமல் 'ஆன்சி' என்றே விட்டால், தமிழ் எழுத்துகள் யாவும் கேள்விக்குறிகளாகிவிடும். மூடித் திறந்தால் பக்கம் முழுதும் கேள்விக்குறி! அவற்றிலிருந்து தமிழை மீட்கவே முடியாது.

நம் தமிழ்ப்பள்ளிகளைப் பொறுத்தவரை இக்காலம் முக்கியமானது. 2003ஆம் ஆண்டு கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, அப்பாடங்களுக்கென மடிக்கணினிகளும் ஒளிவீச்சிகளும் பள்ளிகளுக்கு வந்தன. ஆங்கிலத்திற்காக வந்த கணினியைத் தமிழுக்கும் பயன்படுத்த ஒருங்குறியும், 'இ-கலப்பை' போன்ற இலவச விசைச் செயலிகளும், முரசு அஞ்சலும் கைகொடுத்தன. 2003 வாக்கில் தமிழ் வலைப்பதிவுகளும் தோன்றின. 2004இல் அவற்றைத் திரட்டும் 'தமிழ்மணம்' வந்தது. குறிமொழி தெரியாதவரும் எழுதி, பொத்தானை அழுத்தி, வெளியிடலாம் என்னும் நிலை பிறந்தது. நம் நாட்டுத் தமிழாசிரியர்களும் அவ்வழியே வலைப்பதிவுலகில் காலடி வைத்தனர். 2010இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. எழுத்துச் சிக்கல் ஏறத்தாழத் தீர்ந்தது.

இரவல் மனை

இப்போது மனைக்கு வருவோம்.

1994இல் தொடங்கிய ஜியோசிட்டீசு என்னும் தளம் எவருக்கும் இலவசமாக வலைமனை கொடுத்தது. பொருள்வாரியாகப் பேட்டைகள் பிரித்து, வீட்டு எண் கொடுப்பதுபோல் முகவரி தந்தார்கள். கல்வி, இலக்கியம், மெய்யியல் ஆகியவற்றுக்கான பேட்டையின் பெயர் ஏதென்சு. தமிழன்பர் பலர் அங்கே பக்கம் கட்டினார்கள். 1999இல் யாகூ நிறுவனம் அதனை வாங்கியது. 2009 அக்டோபர் 26ஆம் நாள் மூடியது. இணையக் காப்பகம் போன்ற தன்னார்வ அமைப்புகள் ஓடியோடி மீட்டவை போக, ஏனையவை அழிந்தன. தமிழ் மடற்குழுக்கள் பல இயங்கிய யாகூ குழுமங்களும் 2020 டிசம்பரில் மூடப்பட்டன.

கட்டும் கருவிகளுக்கும் இதே கதிதான். 'புரொன்ட்பேஜ்' என்னும் மென்பொருளை மைக்ரோசாப்ட் 1996இல் வாங்கிப் பரப்பியது. குறிமொழி தெரியாமலேயே, கடிதம் தட்டுவதுபோல் பக்கம் அமைக்கலாம் என்பதால் ஆசிரியர்களுக்கு அது ஏற்றதாக இருந்தது. ஆனால் அதன் சில வசதிகள் வேலை செய்ய வழங்கியிலும் தனி நீட்சிகள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். இலவச மனைகளில் அவை இருப்பதரிது. வீட்டுக் கணினியில் ஒழுங்காக நின்ற பக்கம் இணையத்தில் ஏறியதும் ஊனமுற்றது. பட்டறைகளில் மெனக்கெட்டுக் கற்ற அம்மென்பொருளின் வளர்ச்சி 2006இல் நிறுத்தப்பட்டது. 'பிளாசு' நுட்பத்தில் ஆசிரியர்கள் உருவாக்கிய விளையாட்டுப் பாடங்கள், 2020 இறுதியில் அந்நுட்பம் கைவிடப்பட்டதும் உலாவிகளில் இயங்காமற்போயின.

அண்மைய எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே உண்டு. நாடு முழுவதும் ஏறத்தாழ 10,000 பள்ளிகளை இணைக்கும் நோக்குடன் வந்த 1பெஸ்தாரிநெட் திட்டத்தின்கீழ், 'புரோக்' என்னும் மெய்நிகர்க் கற்றல் தளம் பள்ளிகளில் அறிமுகமானது. அதில் ஆசிரியர்கள் தங்கள் பாடங்களுக்குரிய பக்கங்களைத் தாங்களே இழுத்துவைத்துக் கட்ட முடிந்தது. பயிற்சிகள் நடந்தன, தமிழ்ப் பாடங்களும் ஏறின. 2019இன் நடுப்பகுதியில் திட்டம் முடிவுக்கு வந்தது. கல்வியமைச்சு கூகுள் வகுப்பறைக்கு மாறியது. 2020இல் டெலிமா தளம் வந்தது. ஒன்றில் கட்டியதை மற்றொன்றுக்கு அப்படியே பெயர்த்துச் செல்ல இயலாது. மீண்டும் பயிற்சி, மீண்டும் கடைக்கால்!

குறையை ஒரு தளத்தின்மேல் மட்டும் சுமத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. இரவல் மனையில் கட்டிய வீட்டின் இயல்பே இது. கருவிக்கும் தளத்திற்கும் ஆயுள் குறைவு. அவற்றின்மேல் நாம் ஏற்றி வைப்பதற்கோ நீண்ட ஆயுள் வேண்டும்.

ஏனெனில் நாம் ஏற்றி வைப்பது எது? ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் பிறந்தவை. தோட்டம் துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ந்து, பள்ளியும் இடம் பெயர்ந்த கதைகள் நமக்குப் புதியவை அல்ல. பழைய கட்டடத்தின் நிழற்படம், முதல் தலைமையாசிரியரின் பெயர், மண்டபம் எழுப்பப் பணம் கொடுத்தவர் பட்டியல், பள்ளி இதழில் வந்த மாணவர் கட்டுரை ஆகியவையே அந்தச் சமூகத்தின் எழுதப்பட்ட வரலாறு. இவற்றைக் காகிதத்தில் வைத்திருந்தால் கரையான் அரிக்கும் என்று அஞ்சி வலைத்தளத்தில் ஏற்றினோம். கரையானுக்கு ஆண்டுகள் பல தேவை. தளம் மூடுவதற்கு ஒரு நாள் போதும்.

நாம் செய்யத் தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நம் பள்ளிகள் கற்கத் தக்கவை என்று நான் கருதுவன:

1. உள்ளடக்கமே முதல், தளம் பிறகு. பள்ளி வரலாறு, படங்கள், மாணவர் படைப்புகள் ஆகியவற்றை முதலில் ஒருங்குறியில் தட்டிய எளிய கோப்புகளாகச் சேமியுங்கள். வலைத்தளம் அதன் ஒரு படி மட்டுமே. மூலப்படி பள்ளியிலும், இன்னொரு படி பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் இருக்கட்டும்.

2. பழைய எழுத்துருவில் உறங்கும் கோப்புகளை எழுப்புங்கள். 1990களிலும் 2000களிலும் தட்டப்பட்ட ஆண்டு மலர்களும் பயிற்சித் தாள்களும் பழைய கணினிகளிலும் குறுந்தட்டுகளிலும் கிடக்கக்கூடும். 'பொங்கு தமிழ்' போன்ற எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு அவற்றை ஒருங்குறிக்கு மாற்றலாம். எந்த எழுத்துருவில் தட்டியது என்பதை அறிந்த ஆசிரியர்கள் பணி ஓய்வு பெறுமுன் இதைச் செய்துவிடுவது நல்லது.

3. கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கலாகாது. வலைத்தளப் பொறுப்பாசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிச் சென்றதும் தளமும் அனாதையாகிவிடுகிறது. தலைமையாசிரியர், பொறுப்பாசிரியர், சங்கச் செயலாளர் ஆகிய மூவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

4. படத்தில் மட்டும் எழுதாதீர்கள். அறிவிப்பை அழகிய படமாக்கி ஏற்றினால் தேடுபொறி அதன் தமிழைச் சரியாகப் படித்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. அதே செய்தியை எழுத்தாகவும் இடுங்கள். நிழற்படத்தின் கீழ் ஆண்டையும் இடத்தையும் குறியுங்கள்.

5. குறிமொழியின் அரிச்சுவடியைக் கற்றுக்கொள்ளுங்கள், மாணவர்க்கும் கற்பியுங்கள். 1990களின் தொடக்கத்தில் எச்.டி.எம்.எல்.லில் கட்டிய எளிய பக்கங்களை இன்றைய உலாவிகளும் திறக்கின்றன. அதன்பின் வந்த கட்டும் கருவிகள் எத்தனையோ மறைந்துவிட்டன. தலைப்பு, பத்தி, படம், இணைப்பு என்னும் நான்கைக் கற்றாலே ஒரு பக்கம் கட்டலாம். உயர்நிலைத் தொடக்கப்பள்ளி மாணவர்களால் இதை எளிதில் கற்க முடியும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'ஆசிரியர் பார்த்துக்கொள்வார்' என்று விட்டுவிடாதீர்கள். உங்களுள் கணினித் துறையில் பணியாற்றுவோர் இருப்பர். கைப்பேசியில் தமிழ் தட்டத் தெரிந்த இளையோர் வீட்டுக்கு வீடு உள்ளனர். ஒரு தாத்தாவின் நினைவில் உள்ள தோட்டப் பள்ளியின் கதையைக் கேட்டு, தட்டி, பள்ளியிடம் ஒப்படைப்பதற்குப் பெரிய மென்பொருள் ஏதும் வேண்டியதில்லை.

எழுத்துச் சிக்கலைத் தீர்த்தவர்கள் பெரும் நிறுவனங்களுக்காகக் காத்திருந்தவர்கள் அல்லர். அவர்களுள் ஆசிரியர் இருந்தார், ஆய்வாளர் இருந்தார், பொறியாளர் இருந்தார். மாறுபட்டுப் பேசினார்கள்; ஆயினும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். 'இ'க்கு ஓர் அறை தேடி உழைத்த அவர்களின் பொறுமையில் நூற்றில் ஒரு பங்கு நமக்கிருந்தால், நம் பள்ளிகளின் வரலாற்றுக்கும் நிலையான ஒரு மனை கிடைக்கும். வரும் பள்ளி விடுமுறையில் ஒரு கோப்பையாவது மாற்றுவோம். ஒரு படத்தின் கீழாவது பெயரெழுதுவோம்.

வாழிய தமிழ்! வளர்க தமிழ்ப்பள்ளிகள்!